திறந்த கதவும் எட்டாத அலமாரியும்
மின்னூலகம் கட்டுவது குறித்துச் சில குறிப்புகள்

1

"எல்லாம்தான் இப்ப நெட்ல கெடைக்குதே" என்கிற பேச்சை எழுத்தாளர்கள், இயக்கத் தோழர்கள் என்று பலரிடமும் கேட்க முடிகிறது. ஓரளவுக்கு அது உண்மையும்கூட. சங்கப் பாடல்களிலிருந்து பாரதி வரை ஒரு பைசா கொடுக்காமல் வாசிக்க முடிகிற காலம் இது. ஆனால் அந்த வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிற 'எல்லாம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. எவையெல்லாம்? யார் கொண்டுபோய் வைத்தது? என்ன பேர் போட்டு வைத்தார்கள்? அந்தப் பேர் தெரியாத ஒருவர் தேடினால் அகப்படுமா? இவற்றுக்கான பதில்கள் ஒரு மின்னூலகத்தைக் கட்டும்போதே, கட்டுகிறவர்களின் தீர்மானங்களாக அதற்குள் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு 'தொழில்நுட்பம்' என்ற போர்வைக்குள் அவை யாரும் கேள்வி கேட்காத சங்கதிகளாகிவிடுகின்றன.

இதைப் பொத்தாம்பொதுவாகப் பேசாமல் காரியாபட்டியையும் அதைச் சுற்றியுள்ள பட்டாசு மண்டலத்தையும் முன்வைத்துப் பேசலாம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12ல் சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் 20க்கும் மேற்பட்டவர்கள். 2024ல், மே தினத்தன்றே, காரியாபட்டியை அடுத்த ஆவியூரில் கல்குவாரிக்கான வெடிமருந்துக் கிடங்கு வெடித்துத் தொழிலாளர்கள் உடல் சிதறிப் போனார்கள். இவற்றுக்கு நடுவில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செத்துச் செய்தித்தாளின் உள்பக்கத்தோடு முடிந்துபோன விபத்துகள் ஏராளம்.

ஒவ்வொரு விபத்தும் கூடவே ஒரு காகிதக் கட்டையும் உண்டாக்குகிறது. முதல் தகவல் அறிக்கை, அதிகாரிகளின் விசாரணை, உண்மை அறியும் குழுவின் அறிக்கை, சங்கத்தின் துண்டுப் பிரசுரம், இழப்பீட்டு வழக்கின் மனு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. அடுத்த விபத்து நடக்கும்போது முந்தைய கட்டு யார் கையிலும் இருப்பதில்லை. உள்குத்தகை பற்றியோ, மருந்து கலக்கும் அறையில் அளவுக்கு மீறி ஆள் வைப்பது பற்றியோ பேச வருகிற ஒவ்வொரு தலைமுறைத் தோழரும் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எதிர்த்தரப்புக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவர்களிடம் கோப்பு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், அலுவலகம் இருக்கிறது. ஞாபகம் என்பதும் ஒரு உற்பத்திச் சாதனம்தான். அது யார் கையில் இருக்கிறது என்பதே இங்கு பிரச்சினை.

2

ஆவணக் காப்பகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல், ஆட்சியாளர்கள் குடியிருந்த வீட்டைக் குறித்தது என்பதை 1990களின் மத்தியில் தெரிதா எடுத்துக்காட்டினார். ஆவணத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே அதற்கு அர்த்தம் சொல்லும் உரிமையும் இருந்தது. காப்பகம் என்பது சேமிப்புக் கிடங்கு மட்டுமன்று, அது அதிகாரத்தின் வசிப்பிடமும்கூட என்பது அவருடைய வாதம். நம்மூர்த் தாலுகா ஆபீசில் பட்டா நகலுக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள தெரிதா தேவையில்லைதான். ஆனாலும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் அதிகாரம் கரைந்துவிடும் என்கிற நம்பிக்கை நம்மிடம் பலமாக இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு மரபு நம்மிடமே உண்டு. சீர்காழிப் பக்கத்தில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். புத்தகம் பூட்டி வைக்க இல்லை, புழங்குவதற்கே. எந்த வாசகராக இருந்தாலும் அவருக்கு வேண்டியது அவருக்குக் கிடைக்க வேண்டும். அலமாரியில் கிடக்கிற ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய ஆள் வந்து சேர வேண்டும். வாசகரின் நேரத்தை வீணடிக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே போகும் உயிர். இவ்வளவுதான் சாரம். சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த சிந்தனையும் இதுவே. இன்றைக்கும் நாம் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம்.

'திறந்த அணுக்கம்' என்ற சொல் உலக அளவில் பரவியது 2002ஆம் ஆண்டு புடாபெஸ்ட் அறிக்கைக்குப் பிறகு. ஆய்வுகளை யாரும் காசில்லாமல் வாசிக்கவும் படியெடுக்கவும் பகிரவும் முடிய வேண்டும் என்றது அது. முக்கியமான கோரிக்கைதான். எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் ஸ்மிது கோத்தாரி 1983ல் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை வாங்கப்படுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அடுத்துவந்த விவாதங்களுக்கெல்லாம் அது ஒரு ஆதாரம். அந்தக் கட்டுரை இன்று பெரும்பாலும் சந்தா கட்டுகிற பல்கலைக்கழகங்கள் வழியாகவே வாசிக்கக் கிடைக்கிறது. அது எந்த மண்ணைப் பற்றியதோ அங்கே அது இல்லை. ஆகவே திறப்பதற்கான போராட்டம் வேண்டும். ஆனால் திறந்துவிட்டால் போதுமா? புடாபெஸ்ட் கேட்டது கதவைத் திறக்க. ரங்கநாதன் கேட்பது, கை எட்டுகிற உயரத்தில் அலமாரி இருக்கிறதா என்று. இரண்டாவது கேள்வியைக் கேட்காத மின்னூலகங்கள் திறந்த கதவும் எட்டாத அலமாரியுமாக நிற்கின்றன.

3

எட்டுவது எட்டாதது என்பது முதலில் அட்டவணையில் தீர்மானமாகிறது. பழைய நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டை இருக்கும். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பொருள். மின்னூலகத்தில் அதையே மீதரவு என்கிறார்கள். இதற்கு டப்ளின் கோர் என்றொரு தரம் 1995லிருந்து உருவாகி, 15 கட்டங்களோடு உலகமெங்கும் புழங்குகிறது. கட்டங்கள் எளிமையானவை. ஆனால் அவற்றை யார் எப்படி நிரப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து இந்திய மின்னூலகம் என்ற பெரிய வேலையைத் தொடங்கின. லட்சக்கணக்கான நூல்களை வருடினார்கள். தமிழ்ப் புத்தகங்களும் ஏராளமாக உள்ளே போயின. ஆனால் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில், தட்டச்சு செய்தவர் காதில் விழுந்த மாதிரி பதிந்து வைத்தார்கள். ஒரே 'ழ' ஒவ்வொரு பதிவில் ஒவ்வொரு எழுத்தானது. நூலாசிரியர் பேர் ஓரிடத்தில் முன்னெழுத்தோடு, இன்னோரிடத்தில் இல்லாமல். விளைவு, புத்தகம் இருக்கும், ஆனால் கிடைக்காது. இதை எழுத்துப் பிழை என்று தள்ளிவிட முடியாது. தமிழ்ப் புத்தகத்தைத் தமிழில் தேடுகிற ஒரு ஆள் இருப்பார் என்று அந்த அமைப்பு எண்ணிப் பார்க்கவேயில்லை என்பதன் அடையாளம் அது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஈழத்திலிருந்து வருகிறது. 2005ல் இளைஞர்கள் சிலர் தன்னார்வமாகத் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்து எழுத்துகளின் பெருந்தொகுப்பாக நிற்கிறது. அங்கே நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள் என்பவற்றோடு பிரசுரங்களும் நினைவு மலர்களும் தனித்தனி வகைகளாக இருக்கின்றன. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் அச்சடித்து விநியோகிக்கும் சிறு மலர் அது. எந்தச் சர்வதேச அட்டவணையிலும் அதற்குத் தனி இடம் கிடையாது, 'இதர' என்று மூலையில் போட்டுவிடுவார்கள். ஆனால் போரில் ஊர் ஊராக இடம்பெயர்ந்த ஒரு சமூகத்துக்கு அந்த மலர்தான் வம்சாவளி, ஊர் வரலாறு எல்லாம். அட்டவணை பொருளைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. பொருளை வெட்டி அட்டவணைக்குள் திணிக்கவில்லை. அதேபோல் சஞ்சிகை ஒன்றைப் பதியும்போது உள்ளே இருக்கிற கட்டுரைகளின் தலைப்புகளையும் எழுதியவர் பேர்களையும் தட்டச்சு செய்து பக்கத்தில் போடுகிறார்கள். வருடிய பக்கம் வெறும் படமாகவே இருந்தாலும்கூட அதிலுள்ள கட்டுரை தேடலில் அகப்பட்டுவிடும். செலவு குறைந்த யோசனை, ஆனால் வாசகரை மனதில் வைத்தவர்களுக்கே தோன்றும் யோசனை.

இந்தப் பாடத்தைப் பட்டாசு மண்டலத்துக்குக் கொண்டு வருவோம். அரசு அறிக்கை 'தீப்பெட்டித் தொழிற்சாலை' என்று எழுதும். வேலைக்குப் போகிற அக்கா 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார். இரண்டு சொல்லும் ஒரே இடத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஊர்ப் பேர்களும் அப்படியே. சிவகாசி 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. பிறகு காமராஜர் மாவட்டம். 1997லிருந்து விருதுநகர் மாவட்டம். இன்றைய பேரைப் போட்டுத் தேடுகிறவருக்கு 1983ஆம் ஆண்டு ஆவணம் கிடைக்காமல் போவதற்கு இதுவே போதும். காரியாபட்டி என்றும் காரியாப்பட்டி என்றும் எழுதுகிறோம், ஒற்று மிகுந்தால் ஒரு ஊர் இரண்டாகிவிடுகிறது. ஆகவே ஊர், மாவட்டம், அமைப்பு, புனைபெயர் இவற்றுக்கெல்லாம் மாற்றுப் பேர்களை ஒன்றோடொன்று கோத்து வைக்கிற ஒரு பேர்ப்பட்டியல் நூலகத்தின் அடித்தளத்தில் இருக்க வேண்டும். மென்பொருள் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. இதற்குத் தேவை கம்ப்யூட்டர் நிபுணர் இல்லை, ஊரை அறிந்தவர்.

எதைச் சேகரிப்பது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் புத்தகங்களோடு துண்டறிக்கைகளையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். 1992ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994ல் சென்னையில் அவர் பேரிலேயே ஆய்வு நூலகம் அமைந்தது. 'இதெல்லாம் ஒரு சாமானா' என்று கேட்கப்பட்ட காகிதங்களிலிருந்து இன்று வரலாறு எழுதுகிறார்கள். சங்கத்தின் துண்டறிக்கைக்கு ஆசிரியர் பேர் இருக்காது, விலை இருக்காது, சில சமயம் தேதிகூட இருக்காது. அதனாலேயே அது நூலகத்துக்குள் நுழைய முடியாது என்றால் கோளாறு துண்டறிக்கையில் இல்லை.

4

அடுத்தது எழுத்து. இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு இது சொந்தப் பிரச்சினை. 1990களில் நம் சிறுபத்திரிகைகள் அச்சுக் கோப்பதிலிருந்து டி.டி.பி.க்கு மாறின. பேஜ்மேக்கரில் வடிவமைத்து, கையில் கிடைத்த எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறிமுறை வைத்திருந்தது. தமிழ் யூனிகோடில் 1991லேயே இடம்பெற்றுவிட்டது என்றாலும் அது புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்துக் கோப்புகள் யாரிடமாவது இருந்தாலும் இன்று திறந்தால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். அதாவது 1890களின் பத்திரிகை காகிதத்தில் பிழைத்துக் கிடக்கிறது, 1990களின் கம்ப்யூட்டர்க் கோப்பு செத்துவிட்டது.

மதுரைத் திட்டம் இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தது. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்டு, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு.கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்த தொகுப்பு அது. முதல் வெளியீடு திருக்குறள். தனி எழுத்துருவில் தொடங்கி, இணையத் தமிழர்கள் கூடி வகுத்த திஸ்கிக்கு மாறி, பிறகு யூனிகோடுக்கும் தன் நூல்களைக் கொண்டுபோனார்கள். தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பேர்கள் ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் இருக்கும். அந்தத் தலைப்பை நீக்காமல் யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்பதே நிபந்தனை. உழைப்பை மறைக்காத ஒரு பகிர்வு. ஒரு பிரதி பிழைக்க வேண்டுமானால் அதைத் தலைமுறைதோறும் புது எழுத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏடெழுதியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கம்ப்யூட்டர் அந்த வேலையை ஒழித்துவிடவில்லை.

வருடிய படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓ.சி.ஆர். நுட்பம் தமிழுக்கும் இப்போது ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் தந்த 2000க்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களைத் தமிழ் விக்கிமூலத் தொண்டர்கள் இப்படி எழுத்தாக்கிப் பக்கம் பக்கமாகத் திருத்தி வருகிறார்கள். படமாக இருக்கிற பக்கத்தில் 'உள்குத்தகை' என்று தேட முடியாது. எழுத்தாகிவிட்டால் முடியும். பார்வையற்ற தோழர் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டவும் முடியும். இரண்டையும் சேர்த்து வைப்பதே நல்லது. படம் சாட்சி, எழுத்து வழி.

5

உரிமைப் பிரச்சினைக்கு வருவோம். இங்கே நம்மவர்களிடம் இரண்டு மனநிலைகளைப் பார்க்கிறோம். ஒன்று, 'போட்டுத் தள்ளு, யார் கேக்கப் போறா' என்பது. இன்னொன்று, கேஸ் வந்துவிடுமோ என்று எதையும் தொடாமல் இருப்பது. இரண்டுக்கும் நடுவில் சட்டமே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் எழுத்து பொதுவாகிவிடும். தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற இன்னொரு வழியும் உண்டு. பாரதி எழுத்துகளின் உரிமையை 1949ல் சென்னை மாகாண அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கியதிலிருந்து வருகிற மரபு இது. நீதிமன்றத் தீர்ப்புகளையும், சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வைக்கப்பட்ட அரசுக் குழு அறிக்கைகளையும், தடை ஏதும் இல்லாவிட்டால், மறுபதிப்புச் செய்வது மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் சொன்ன தீர்ப்பை நாளைக்கே ஒரு நூலகம் போடலாம். தமிழ்ச் சுருக்கம் ஒன்றையும் சேர்த்துப் போட்டால்தான் அது எட்டும். உயிரோடிருக்கிற எழுத்தாளர்களும் சங்கங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் மாதிரி ஒரு உரிமத்தில் தங்கள் எழுத்தைத் தாங்களே திறந்துவிடலாம். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆனால் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்பதும் ஒரு ஆதிக்கக் குரலாக மாறக்கூடும். உண்மை அறியும் குழுவிடம் ஒரு பெண், 'போர்மேன் இத்தனை ஆளை ஒரே ரூமுக்குள்ள உக்கார வச்சாரு' என்று சொல்லியிருப்பார். அவர் பேர், ஊர், பிள்ளைகள் விவரம் எல்லாம் பின்னிணைப்பில் இருக்கும். அச்சில் 300 பிரதி போனபோது இல்லாத ஆபத்து, அதே பக்கம் உலகத்துக்கே தேடக் கிடைக்கும்போது வந்துவிடுகிறது. மறுநாளும் அவர் அதே வட்டாரத்தில்தான் வேலை தேட வேண்டும். ஆகவே நூலக அமைப்பில் 'எல்லாருக்கும்', 'நேரில் வருபவர்களுக்கு', 'இத்தனை ஆண்டு கழித்து' என்று படிநிலைகள் வேண்டும். அட்டவணைக் குறிப்பு திறந்திருக்கட்டும், வாக்குமூலம் காத்திருக்கட்டும். எதை மூடுவது என்று தீர்மானிக்கும் உரிமை சொன்னவருக்கே இருக்க வேண்டும். அறிவைத் திறப்பது என்ற பேரில் எளியவர்களின் பாதுகாப்பைத் திறந்துபோடுவது நம் வேலையாக இருக்க முடியாது.

6

1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள், அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துப்படிகளும் அடக்கம். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி என்பது தீ வைப்பவருக்கு வசதியான ஏற்பாடு. மின்னூலகத்துக்கு நெருப்பு வேண்டியதில்லை. வாடகை கட்டாவிட்டால் போதும், வட்டு கெட்டால் போதும், ஒரு அதிகாரி மாறினால் போதும். முன்னே சொன்ன இந்திய மின்னூலகத்தின் தளமும் பின்னாளில் மூடப்பட்டது. அதிலிருந்த நூல்கள் இன்றும் கிடைக்கின்றன என்றால், வேறு சிலர் அவற்றைப் படியெடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றி வைத்ததுதான் காரணம்.

ஆகவே நிறையப் பிரதிகள், நிறைய இடங்களில், வெவ்வேறு ஆட்கள் கையில். நூலகங்கள் ஒன்றின் பட்டியலை இன்னொன்று தானாகவே எடுத்துக்கொள்வதற்கு 2001லிருந்து ஓ.ஏ.ஐ. என்றொரு பொது நெறிமுறை இருக்கிறது. இதை 'அறுவடை' என்றே அழைக்கிறார்கள். இதற்கு ஒத்துப்போகிற இலவச மென்பொருள்கள் உண்டு. அமெரிக்காவில் உருவான டிஸ்பேஸ் ஒன்று. நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகம் உருவாக்கி யுனெஸ்கோ பரப்பிய கிரீன்ஸ்டோன் இன்னொன்று. கிரீன்ஸ்டோனில் கட்டிய நூலகத்தை அப்படியே குறுந்தகட்டில் எழுதி, இணையமே இல்லாத ஊருக்கும் கொடுக்க முடிந்தது. அந்தச் சிந்தனை முக்கியம். காரியாபட்டியில் படிக்கப் போகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் செல்போன். 200 எம்.பி. கோப்பு அவருக்கு நூலகம் ஆகாது, தண்டனை. அதே நூல் சிறிய கோப்பாகவும் வேண்டும், வெறும் எழுத்தாகவும் வேண்டும், பென்டிரைவில் போட்டுச் சங்க ஆபீசிலும் ஊர் நூலகத்திலும் வைக்கும்படியும் வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். சங்கங்கள், வக்கீல்கள், பத்திரிகையாளர்கள் வீட்டுப் பரணில் கிடப்பதற்கு முதலில் ஒரு பட்டியல். பேர்ப்பட்டியல் ஒன்று, மக்கள் பேசும் சொல்லையும் சேர்த்து. ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாறாத ஒரு எண். படமும் யூனிகோட் எழுத்தும். யார் தந்தது, என்ன நிபந்தனை என்று ஒரு வரி. மூன்று ஊர்களில் மூன்று பிரதிகள். மென்பொருள் எது என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான்.

சிவகாசி ஆப்செட் இயந்திரங்கள் நாடு முழுவதற்கும் காலண்டரும் நோட்டும் லேபிளும் அச்சடிக்கின்றன. அங்கிருந்து சுவருக்குத் தேதி போகிறது, அதே வட்டாரத்தில் வெடியில் செத்தவர்களின் தேதிகளை ஒரு சேர எடுத்துப் பார்க்க இடமில்லை. இதழ்களின் பழைய தொகுதிகளை வைத்திருப்பவர்களும், சங்க ஆவணங்களை ட்ரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கிறவர்களில் உண்டு. கரையான் முந்துவதற்குள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நூலகம் அந்தத் தாளிலிருந்து தொடங்கும்.